நாற்பத்தெட்டு மணி நேரம்: ஆஸ்திரேலிய மாணவர் விசாவும் நிபந்தனை மீறியவரின் மறுவிண்ணப்பமும்

கேள்வி

ஆஸ்திரேலிய மாணவர் விசாவோடு சேர்ந்து வரும் நிபந்தனைகளில் 8105 என்ற எண்ணுள்ளது வேலையைப் பற்றியது. பாடம் தொடங்கும்வரை வேலைக்கே போகக் கூடாது, தொடங்கிய பின், வகுப்புகள் நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, விடுமுறையில் வரம்பில்லை. ஆராய்ச்சிப் பட்டத்துக்குப் படிப்பவர்களுக்குப் படிப்பு தொடங்கிவிட்டால் இந்த வரம்பு கிடையாது. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் 'இரண்டு வாரம்' என்பதைச் சட்டம் எண்ணும் விதம் சம்பள நாளைப் பார்த்து எண்ணும் விதமல்ல. திங்கட்கிழமையில் தொடங்கும் எந்தப் பதினான்கு நாளும் ஓர் 'இரு வாரம்'. முதல் வாரம் 20 மணி, இரண்டாம் வாரம் 28 மணி, மூன்றாம் வாரம் 24 மணி, நான்காம் வாரம் 20 மணி வேலை செய்த மாணவரை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரத்துக்கு 48, கடைசி இரண்டு வாரத்துக்கு 44. இரண்டு சம்பளச் சீட்டையும் தனித்தனியே பார்த்தால் அவர்மேல் குற்றமில்லை. இரண்டாம் வாரத்தையும் மூன்றாம் வாரத்தையும் சேர்த்தால் 52. அவர் நிபந்தனையை மீறிவிட்டார். மீறியது அவருக்கே தெரியாமல் இருக்கவும் கூடும்.

இப்படியோ இதைவிடப் பெரிதாகவோ நிபந்தனையை மீறிய ஒருவர், விசா முடிந்தோ ரத்தாகியோ, மறுபடி மாணவர் விசா கேட்டு விண்ணப்பிக்கிறார். அப்போது அவருடைய பழைய மீறலை அதிகாரி எதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டும்? இக்கட்டுரையின் கேள்வி இது ஒன்றுதான். சட்டத்தின் விடை தெளிவானது. மாணவர் விசாவுக்கான 500.212 விதி, இனி தரப்படும் விசாவின் நிபந்தனைகளுக்கு விண்ணப்பதாரர் கட்டுப்படும் எண்ணத்தோடு இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்கிறது. அதைப் பார்க்கும்போது முன்பு வைத்திருந்த விசாவின் நிபந்தனைகளுக்கு அவர் கட்டுப்பட்ட வரலாற்றையும் கணக்கில் கொள்ளச் சொல்கிறது. அதாவது நேற்றைய நடத்தை நாளைய எண்ணத்துக்குச் சான்று. மற்ற இடங்களில் இது நியாயமான ஊகம். வேலை நேர மீறலுக்கு மட்டும் இது பலவீனமான ஊகம் என்பது என் வாதம். அந்த மணி நேரங்கள் எப்படி உண்டாயின என்று கேட்காதவரை, எத்தனை மணி என்ற எண் ஒருவருடைய எண்ணத்தைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும்.

இருவேறு புரிதல்கள்

இந்த விஷயத்தில் பொதுவாக இரண்டு பேச்சுகள் நிலவுகின்றன. முதலாவது, கையெழுத்திட்டு வாங்கிய விசாவின் விதியை மீறியவருக்கு இரண்டாம் வாய்ப்பு ஏன் என்பது. 2013 வரை சட்டமும் ஏறக்குறைய இதே மனநிலையில்தான் இருந்தது. வேலை நேர வரம்பை மீறியது நிரூபணமானால் விசாவை ரத்து செய்தே ஆக வேண்டும். அதிகாரிக்கு வேறு வழியில்லை. மைக்கேல் நைட் தலைமையில் 2011இல் நடந்த மாணவர் விசா மறுஆய்வுக்குப் பிறகு இந்த இறுக்கம் தளர்ந்தது. வாரத்துக்கு 20 மணி என்றிருந்த வரம்பு 2012இல் இரண்டு வாரத்துக்கு 40 மணி என்று மாறியது. 2013இல் ரத்து என்பது அதிகாரியின் விருப்புரிமை ஆயிற்று. இன்று குடிவரவுச் சட்டத்தின் 116ஆம் பிரிவு, நிபந்தனை மீறப்பட்டிருந்தால் விசாவை ரத்து செய்யலாம் என்கிறது, செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. இந்த 'லாம்' விகுதிக்குள்தான் ஆயிரக்கணக்கானவர்களின் படிப்பு இருக்கிறது.

இரண்டாவது பேச்சு, பாவம் பிள்ளைகள், பணத்துக்கு என்ன செய்வார்கள் என்பது. இது இரக்கத்திலிருந்து பிறப்பது. ஆனால் வாதமாக நிற்காது. தன்னிடம் போதிய பணம் இருக்கிறது என்று கணக்குக் காட்டித்தான் ஒவ்வொரு மாணவரும் விசா பெறுகிறார். பிறகு பணமில்லை என்று சொன்னால், அப்படியானால் அன்று காட்டிய கணக்கு பொய்யா என்ற கேள்விதான் எழும். வறுமையைக் காட்டி மீறலை நியாயப்படுத்துகிறவர் தன் விண்ணப்பத்துக்குத் தானே குழி தோண்டுகிறார். ஆகவே இந்த இரண்டு பேச்சுகளையும் தள்ளி வைத்துவிட்டு, அந்தக் கூடுதல் மணி நேரங்கள் வந்த வழியைப் பார்ப்பதே பயன் தரும்.

கூலியும் நேரமும்

2015 ஆகஸ்ட் 31 அன்று ஏபிசி தொலைக்காட்சியின் 'ஃபோர் கார்னர்ஸ்' நிகழ்ச்சி, ஆஸ்திரேலியாவின் செவன்-இலெவன் கடைகளில் நடந்துவந்த சம்பள மோசடியை வெளியே கொண்டுவந்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த மோசடியின் இயந்திர நுட்பம். மாணவர் வாரத்துக்கு 40 மணி நேரம் கல்லாவில் நிற்பார். ஏட்டில் 20 மணி நேரமே எழுதப்படும். அந்த 20 மணிக்குச் சட்டப்படியான கூலி வங்கிக் கணக்கில் போடப்படும். தணிக்கைக்கு வருபவர் ஏட்டைப் பார்த்தால் கூலி சரி, நேரம் சரி, விசா நிபந்தனையும் சரி. உண்மையில் மாணவருக்குக் கிடைத்தது பாதிக் கூலி. அவர் வாய் திறந்தால் முதலில் வெளிவருவது முதலாளியின் திருட்டைவிட அவருடைய விசா மீறல்தான். இதை அறிந்தே ரோஸ்டர் போட்டார்கள். விஷயம் அம்பலமான பிறகு வேறொரு முறை முளைத்தது: முழுக் கூலியும் கணக்கில் வரும், மாணவர் ஏடிஎம்முக்குப் போய் அதில் ஒரு பகுதியை எடுத்துக் கடைக்காரர் கையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஏடு முன்னைவிடச் சுத்தமாகிவிட்டது. நியாய வேலை குறைதீர்ப்பாளர் அலுவலகம் 2016 ஏப்ரலில் தன் விசாரணை அறிக்கையை வெளியிட்டது. அந்த நிறுவனம் பின்னர் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த பாக்கி 15 கோடி டாலரைத் தாண்டியது.

இது ஒரு நிறுவனத்தின் கதையென்று விட்டுவிட முடியாது. லாரி பெர்க், பஸீனா ஃபார்பன்பிளம் என்ற இரண்டு சட்ட ஆய்வாளர்கள் தற்காலிக விசாக்காரர்கள் 4,322 பேரிடம் 2016இல் கேட்டுத் திரட்டிய தரவுகளை 2017இல் வெளியிட்டார்கள். அதில் பதிலளித்த வெளிநாட்டு மாணவர்களில் நான்கில் ஒருவர் மணிக்கு 12 டாலரோ அதற்கும் குறைவாகவோ வாங்கியதாகச் சொன்னார். அப்போது நிரந்தரமற்ற தொழிலாளிக்குச் சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 22.13 டாலர். தாமாக முன்வந்தவர்களிடம் இணையத்தில் எடுத்த கணிப்பு இது. நாடு முழுவதற்குமான துல்லிய விகிதமாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் சட்டக் கூலிக்கும் கைக்கு வந்த கூலிக்கும் இடையே எவ்வளவு தூரம் இருக்க முடியும் என்பதற்கு இது போதும்.

இந்த இரண்டு எண்களோடு மூன்றாவது எண் ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். 2016 ஜூலையில், ஒரு மாணவரின் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கென்று விசாவுக்காகக் காட்ட வேண்டிய தொகை 19,830 டாலராக இருந்தது. வாரத்துக்கு 381 டாலர். இது குடிவரவுத் துறையே போட்ட கணக்கு. வரியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், 22.13 டாலர் கூலியில் இந்தத் தொகையைச் சம்பாதிக்க 17 மணி நேரமும் சில நிமிடங்களும் போதும். அன்றைய வரம்பான வாரம் 20 மணிக்குள் சௌகரியமாக அடங்கும். 15 டாலர் கூலியில் 25 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். 12 டாலரில் ஏறக்குறைய 32 மணி. ஆள் ஒருவரே, தேவை ஒன்றே, சட்டத்தை மதிக்கும் எண்ணமும் ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் முதல் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் நிபந்தனைக்குள் இருப்பார். மூன்றாவது கடையில் சேர்ந்தவர் வாரத்துக்கு 12 மணி நேரம் மீறியிருப்பார். மாறியது கடைக்காரர் கொடுத்த கூலி மட்டுமே. அப்படியிருக்க, அந்த 12 மணி நேரத்தை மாணவரின் எண்ணத்துக்குச் சான்றாக எழுதிவைப்பது எப்படிப் பொருந்தும்?

இங்கே வாதத்தின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். மாணவர் முழுச் செலவையும் தாமே சம்பாதிக்க வேண்டியதில்லை என்பது விசாவின் அடிப்படை. குடும்பப் பணமோ கடனோ இருக்கும் என்றுதான் சட்டம் கருதுகிறது. நான் காட்டுவது கூலிக்கும் நேரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. தேவை 381 டாலரில் பாதியாக இருந்தாலும் விகிதம் மாறாது. மீறல் தொடங்கும் இடம்தான் தள்ளிப்போகும்.

அரசே வரம்பை எடுத்த காலம்

மீறலை ஒழுக்கக் குறையாகப் பார்ப்பதற்கு எதிரான இன்னொரு சான்றை அரசே தந்திருக்கிறது. பெருந்தொற்றின்போது முதியோர் பராமரிப்பு, மருத்துவம், பல்பொருள் அங்காடி போன்ற துறைகளில் இந்த வரம்பு தளர்த்தப்பட்டது. 2021இல் ஓட்டல்களும் சுற்றுலாவும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2022 ஜனவரியில் எல்லாத் துறைகளுக்கும் வரம்பு நீங்கியது. போதாததற்கு, 2022 ஜனவரி 19க்கும் மார்ச் 19க்கும் இடையில் வந்துசேரும் மாணவர்களுக்கு விசாக் கட்டணத்தைத் திருப்பித் தருவதாகவும் அரசு அறிவித்தது. கடைகளிலும் ஓட்டல்களிலும் ஆளில்லாத நேரம் அது. 2023 ஜூன் 30வரை இந்தத் தளர்வு நீடித்தது. ஜூலை 1இல் வரம்பு திரும்பி வந்தபோது 40 மணி 48 ஆகியிருந்தது. ஆக, 2019இல் இரண்டு வாரத்தில் 47 மணி நேரம் தட்டு கழுவியவர் மீறியவர். 2022இல் 90 மணி நேரம் கழுவியவர் நாட்டுக்கு உதவியவர். 2024இல் அதே 47 மணி விதிக்கு உட்பட்டது. விதி மாறுவதில் தவறில்லை. தொழிலாளர் சந்தையின் தேவைக்கேற்ப அரசு திறந்து மூடும் குழாய் அது. ஆனால் 2019இன் மீறலைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் நேர்மையை இன்று அளப்பவர், அளவுகோலே நீண்டு சுருங்கியதைக் கோப்பில் ஒரு வரியாவது எழுத வேண்டும்.

மறுப்புகள்

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதே தளர்வுக் காலத்திலிருந்துதான் அது வருகிறது. வரம்பு நீங்கியபோது நடந்தது என்ன? பல்கலைக்கழகத்தில் சேர்ந்து விசா வாங்கியவர்கள், வந்தபின் கட்டணம் குறைந்த தொழிற்கல்லூரிகளில் இரண்டாவதாக ஒரு சேர்க்கை போட்டுக்கொண்டு அங்கே நழுவினார்கள். 2023இன் முதல் ஆறு மாதங்களில் இத்தகைய இரட்டைச் சேர்க்கைகள் 17,000 பதிவாயின. 2019, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளின் அதே ஆறு மாதங்களைக் கூட்டினாலும் சுமார் 10,500தான். 2023 ஆகஸ்டில் அரசு இந்த வழியை அடைத்தது. படிக்க வருவதாகச் சொல்லிவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை இந்த எண்ணுக்குப் பிறகு யாரும் மறுக்க முடியாது. வரம்பு தேவை என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சான்று எங்கே சுட்டுகிறது என்று பார்க்க வேண்டும். இவர்களை அடையாளம் காட்டியது வேலை நேரம் அல்ல, படிப்பின் பதிவேடு. எங்கே சேர்ந்தார், எப்போது மாறினார், எத்தனை பாடத்தில் தேறினார் என்பவைதான் நோக்கத்தைக் காட்டின. இரண்டு வாரத்துக்கு 60 மணி வேலை செய்தும் எல்லாப் பாடத்திலும் தேறியவர் ஒருபுறம். 44 மணியோடு நிறுத்திக்கொண்டு வகுப்புப் பக்கமே போகாதவர் மறுபுறம். இவர்களில் மாணவர் யார் என்று கேட்டால், மதிப்பெண் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

இரண்டாவது மறுப்பு, வரம்புக்குள் இருந்து வயிற்றைக் கட்டிப் படித்தவருக்கு இது அநீதி ஆகாதா என்பது. ஆகும், மீறியவருக்கு எந்த விளைவும் இல்லையென்றால். விளைவே கூடாது என்பது இங்கே வாதமில்லை. விளைவு எதற்கு என்பதே கேள்வி. தவிர, விதிக்குள் நின்றவரைத் தோற்கடித்தவர் யார் என்றும் பார்க்கலாம். 12 டாலருக்கு ஆள் கிடைக்கும் தெருவில் 22 டாலர் கேட்பவருக்கு வேலை கிடைப்பதில்லை. அந்தத் தெருவை அப்படி ஆக்கியவர்கள் கடைக்காரர்கள்.

மூன்றாவது, முதலாளி சுரண்டினார் என்று யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாமே என்பது. சொல்லலாம்; ஆனால் நிரூபிப்பதற்குத் தடயங்கள் உண்டு. வங்கி அறிக்கை, ரோஸ்டரின் புகைப்படம், கடை மேலாளரின் வாட்ஸாப் செய்தி, கல்லாவில் கையொப்பமிட்ட நேரம் எல்லாம் கிடைக்கக்கூடியவை. மணிக்கணக்கு மாணவரின் சம்பளச் சீட்டிலிருந்து அரசுக்குக் கிடைக்கிறதென்றால் கூலிக்கணக்கும் அதே சீட்டிலிருந்து கிடைக்கும். முதலாளிகள் ஒவ்வொரு சம்பளத்தின்போதும் வரி அலுவலகத்துக்கு விவரம் அனுப்பும் முறை நடப்பில் இருக்கிறது; வரித் தரவும் விசாத் தரவும் ஒப்பிடப்படுகின்றன.

மறைப்பதன் விலை

மறுவிண்ணப்பத்தின் சட்டநிலைக்கு வருவோம். இங்கே பலரும் குழப்பிக்கொள்ளும் வேறுபாடு ஒன்று இருக்கிறது: மீறல் வேறு, மீறலுக்காக ரத்தானது வேறு. அனுமதியின்றி வேலை செய்ததாகத் துறை கண்டறிந்து விசாவை ரத்து செய்திருந்தால், பொதுநல அளவுகோல் 4013 குறுக்கே வரும்: ரத்தான நாளிலிருந்து மூன்றாண்டுகளுக்குத் தற்காலிக விசா பெறுவது கடினம். ஆஸ்திரேலியாவின் நலனையோ அந்நாட்டுக் குடிமக்கள், நிரந்தரவாசிகளின் நலனையோ தொடும் வலுவான காரணம் இருந்தால் மட்டும் விலக்கு. நாட்டுக்குள் இருக்கும்போதே ரத்தானால் 48ஆம் பிரிவின்படி உள்ளிருந்து பெரும்பாலான விசாக்களுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ஆனால் மீறல் நடந்தும் ரத்து நடக்காமல் விசா தன் காலம் முடிந்து போயிருந்தால் இந்தத் தடை எதுவும் இல்லை. அப்போது பழைய மீறல் 500.212இன்கீழ் எடைபோட வேண்டிய ஒரு பொருள், அவ்வளவுதான். எடை கூடலாம், குறையலாம். விளக்கம் கொடுக்க இடமிருக்கிறது.

இந்த இடத்தில்தான் ஏஜென்ட்டுகளின் புகழ்பெற்ற ஆலோசனை நுழைகிறது: அதையெல்லாம் எழுதாதே, 'இல்லை' என்று போடு. விண்ணப்பப் படிவம் முன்பு விசா நிபந்தனை எதையாவது மீறியதுண்டா என்று நேராகவே கேட்கிறது. 'இல்லை' என்று பதிலளித்து அது பொய்யென்று தெரியவந்தால் 2011இல் வந்த அளவுகோல் 4020 பாயும். முக்கியமான விஷயத்தில் பொய்யோ திசைதிருப்பும் தகவலோ தந்தவருக்கு மூன்றாண்டுத் தடை. கணக்கைப் பாருங்கள். வெறும் எடைபோடும் பொருளாக இருந்த மீறல், மறைத்ததால் முழுத் தடையாகிவிட்டது. சட்டம் மீறலுக்குத் தராத தண்டனையை மாணவர் தன் கையெழுத்தால் தானே வாங்கிக்கொள்கிறார். கட்டணம் வேறு: 2024 ஜூலையில் 710 டாலரிலிருந்து 1,600 ஆன மாணவர் விசாக் கட்டணம் 2025 ஜூலையில் 2,000 ஆகிவிட்டது, விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது.

ஏஜென்ட்டின் ஆலோசனையைக் கண்டிப்பது எளிது. அது ஏன் விலைபோகிறது என்பதையும் யோசிக்க வேண்டும். உண்மையைச் சொல்வதால் கிடைக்கும் பலன் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை; அதிகாரியின் மனத்தை நம்பியே சொல்ல வேண்டியிருக்கிறது. முதலாளியிடம் பேசாமல் இருந்து பழகியவர் அதிகாரியிடமும் பேசாமல் இருக்கிறார். பெர்க், ஃபார்பன்பிளம் 2018இல் வெளியிட்ட தொடர் ஆய்வின்படி, கூலி குறைவாகக் கிடைக்கிறது என்று அறிந்தவர்களிலேயே அதைத் திரும்பப் பெற முயன்றவர்கள் பத்தில் ஒருவருக்கும் குறைவு.

பாதி திருத்தம்

ஆலன் ஃபெல்ஸ் தலைமையிலான புலம்பெயர் தொழிலாளர் பணிக்குழு 2019 மார்ச்சில் 22 பரிந்துரைகளோடு அறிக்கை தந்தது. சட்டம் அசைய மேலும் ஐந்தாண்டு ஆயிற்று. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், ஒருவரின் விசா நிலையைக் காட்டி மிரட்டி வேலை வாங்குவதை முதலாளியின் குற்றமாக்கியது. வேலை நிபந்தனையை மீறிய விசாக்காரரைக் குற்றவாளியாக்கிய 235ஆம் பிரிவை நீக்கியது. சுரண்டப்பட்டவர் ஒருவர், தொழிற்சங்கமோ சட்ட உதவி மையமோ அதற்கென அங்கீகரிக்கப்பட்ட வேறு அமைப்போ சான்றளித்தால், மீறலுக்கும் சுரண்டலுக்கும் தொடர்பிருந்தால், இனி நிபந்தனைக்குக் கட்டுப்படுவதாக உறுதியளித்தால், அந்த மீறலுக்காக அவருடைய விசாவை ரத்து செய்ய முடியாது என்ற பாதுகாப்பும் அந்த மாதமே முன்னோட்டமாகத் தொடங்கியது. மீறலை அதன் காரணத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதை ஆஸ்திரேலியச் சட்டம் ஏற்றுக்கொண்டது இப்போதுதான். இது சிறிய மாற்றமில்லை.

ஆனால் இந்தப் பாதுகாப்பு ரத்து அதிகாரத்துக்குப் போடப்பட்ட கடிவாளம். கையில் இருக்கும் விசாவைக் காக்கிறது. அடுத்த விசாவை எடைபோடும் 500.212, இந்த விஷயத்தில் பழைய சொற்களிலேயே நிற்கிறது. நிபந்தனைக்குக் கட்டுப்பட்ட வரலாறு என்றுதான் அங்கே இருக்கிறது. எந்தச் சூழலில் மீறினார் என்பதைப் பார்க்கச் சொல்லும் சொல் அங்கே இல்லை. நல்ல அதிகாரி பார்ப்பார்; பார்க்காதவரைப் பார்க்கவைக்க விதியில் பிடிமானம் இல்லை. ரத்து செய்யும்போது பொருத்தமானதென்று சட்டமே ஒத்துக்கொண்ட காரணம், விசா வழங்கும்போது மட்டும் பொருத்தமற்றதாவது எப்படி? ரத்துக்கு எதிராகப் பயன்படும் அதே சான்றிதழை மறுவிண்ணப்பத்திலும் அதிகாரி கட்டாயம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று 500.212இல் ஓர் உட்பிரிவு சேர்த்தால் போதும். புதிய அலுவலகமோ புதிய விசாவோ தேவையில்லை. வேலைக்காகவே வந்தவர் அந்தச் சான்றிதழை எளிதில் பெற முடியாது. பெற்றாலும் மதிப்பெண் பட்டியல் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அதுவரை மறுவிண்ணப்பம் செய்கிறவர் தன் விளக்கக் கடிதத்தைத் தானே கட்டியெழுப்ப வேண்டும்: எந்த வாரங்களில் எத்தனை மணி, அதற்கு என்ன கூலி, அதே பருவத்தில் எத்தனை பாடத்தில் தேர்ச்சி, எந்த ஆவணம் எதற்குச் சான்று. படிவம் மீறினாயா என்று கேட்கிறது. அந்த மணி நேரங்களுக்கு எவ்வளவு கூலி வந்தது என்று கேட்கும் கட்டம் அதில் இல்லை.